பன்னிரண்டாவது அட்டை

ராஜாக்கண்ணுவின் கல்யாணத்துக்கு அவனுடைய அப்பா ஐந்நூறு பத்திரிகை அடித்துவிட்டார். அமிர்தியைச் சுற்றியிருக்கிற சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிப் பார்த்தாலும் இருநூறு வீடு தேறாது. மனுஷருக்கு அப்படி ஓர் ஆசை. பையன் பாலிடெக்னிக் படித்து ஓவர்சீயர் ஆகிவிட்டானே! மீந்துபோன பத்திரிகைக் கட்டை அடுப்பில் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. மணமக்கள் பெயர் போட்டது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது, எரித்தால் ஆகாது என்று பரண்மேல் வைத்துவிட்டார். முன்பக்கம் பிள்ளையாரும் முகூர்த்தமும். பின்பக்கம் ஒன்றுமில்லாத வெறும் வெள்ளை. நல்ல தடித்த அட்டை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் ராஜாக்கண்ணுவுக்குக் கை பரபரத்தது.

ஏனென்றால் அவனிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. மெட்ராஸ் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. கூட்டல் கழித்தல் மட்டும் போடுகிற சாதாரண ஜாதி இல்லை அது. எந்தப் பொத்தானுக்குப் பின்னால் எந்தப் பொத்தான் என்று ஒரு தடவை வரிசையாக அழுத்திக் காட்டிவிட்டால் போதும், மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் நாம் அளவை மட்டும் கொடுக்க வேண்டியதுதான், கணக்கை அதுவே போட்டு விடையைக் காட்டிவிடும். அந்த வரிசைக்குப் புரோகிராம் என்று பெயர். ஒரே ஒரு குறை, அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். மறுநாள் காலையில் மறுபடியும் முதல் பொத்தானிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாற்பது பொத்தான் வரிசையை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அதனால் அவன் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பத்திரிகையை எடுத்து, பின்பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் வரிசையை எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தான். மண் வெட்டுகிற கணக்குக்கு ஒன்று, ரோட்டு வளைவுக்கு ஒன்று, மட்டம் பார்க்க ஒன்று. இப்படி இருபது முப்பது அட்டை சேர்ந்துவிட்டது.

எண்பத்திரண்டில் ஜவ்வாது மலைப் பாதையை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே அமிர்திப் பக்கத்து முகாம் ராஜாக்கண்ணுவின் பொறுப்பு. மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து முகாம் கிருஷ்ணன் என்ற இன்னொரு ஓவர்சீயரிடம் இருந்தது. இந்த மாதிரி மிஷின் வைத்திருந்தவர்கள் மலையிலும் அடிவாரத்திலுமாகப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். யாராவது ஒருவன் புதுக் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றவனுக்கு எழுதி அனுப்புவான். தபால் எல்லாம் கிடையாது. மலைக்கு ஏறி இறங்குகிற பஸ்ஸில் காசி என்று ஒரு கண்டக்டர். அவனுடைய டிக்கெட் பைக்குள் அட்டை போகும், அட்டை வரும். இன்னா சார், பொண்ணு ஜாதகமா என்று காசி கிண்டல் பண்ணுவான். ஆனால் ஓர் அட்டையைக்கூடத் தொலைத்ததில்லை.

கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பதில் ராஜாக்கண்ணுவுக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு நிபந்தனைதான், பார்த்து எழுதிக்கொள்ள யாரையும் விடமாட்டான். பார்த்து எழுதுகிறவன் ஒரு பொத்தானை விட்டுவிட்டாலும் கணக்கு கெட்டுவிடும், என் அட்டையில் தப்பு வந்தது என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது என்பான். உட்கார்ந்து தானே எழுதித்தான் தருவான். இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது!

அவன் எழுதியதிலேயே பேர் வாங்கியது மருந்து அட்டை. மருந்து என்றால் பாறை உடைக்கிற வெடிமருந்து. பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொரு குழியிலும் தோட்டாக்களைத் திணித்து, திரி வைத்துக் கொளுத்துவார்கள். எத்தனை ஆழத்துக்கு எத்தனை தோட்டா என்பதெல்லாம் அதுவரை கண் திட்டம்தான். அந்தக் கண் மாதையனிடம் இருந்தது. மாதையன் மலைக்காரன், பதினெட்டு வருஷமாக வெடிக்காரன். எழுத்து ஒன்றும் தெரியாது. பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இதுக்கு இவ்வளவு போதும் சார் என்று சொல்லுவான். சொன்னால் சொன்னதுதான். ராஜாக்கண்ணு ஆறு மாதம் அவன் பின்னாலேயே நோட்டும் கையுமாகச் சுற்றி, எந்த ஆழத்துக்கு அவன் என்ன சொல்கிறான் என்று குறித்து, அதை அப்படியே புரோகிராம் ஆக்கினான். குழி ஒவ்வொன்றின் ஆழத்தையும் கொடுத்துக்கொண்டே வந்தால் மிஷின் ஒவ்வொன்றையும் மெமரியில் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் மொத்தத் தோட்டா இத்தனை என்று காட்டும். பொத்தான் ராஜாக்கண்ணுவுடையது, கணக்கு மாதையனுடையது. இதை ராஜாக்கண்ணுவே அவனிடம் சொல்லியிருக்கிறான். மாதையனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தான்.

அந்த மருந்து அட்டையை ராஜாக்கண்ணு பன்னிரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தான். பன்னிரண்டும் அவன் கையெழுத்து. கடைசியாக வாங்கியவன் கிருஷ்ணன்.

மாசி மாதத்தில் மாதையன் மேல் முகாமுக்கு மாற்றிக்கொண்டு போனான். அவனுடைய ஊர் அங்கேதான், பக்கத்திலேயே. அவன் தங்கை வெள்ளையம்மாளும் அதே முகாமில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணனுக்கு மஸ்கட்டிலிருந்து மச்சான் ஒரு புது மிஷின் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கிருஷ்ணன் ராஜாக்கண்ணுவின் அட்டையைப் பார்த்து அந்த மிஷினில் புரோகிராமை ஏற்றி, அன்றைய குழிகளுக்குக் கணக்குப் போட்டான். இருபத்திநாலு தோட்டா என்று வந்தது. வெடித்தார்கள், பாறை சுத்தமாகப் பிளந்து விழுந்தது. மறுநாள் புதன்கிழமையும் அதே அளவுக் குழிகள்தான், எண்ணிக்கையும் அதேதான். அன்றைக்கு மிஷின் நாற்பத்தெட்டு என்றது.

மாதையன் தயங்கியிருக்கிறான். நேற்றுப் போட்டதற்கு இரண்டு பங்காக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறான். இங்கே பாறை கெட்டியாக இருக்கும், உங்கள் ராஜாக்கண்ணு சார் அட்டைதானே சொல்கிறது என்று கிருஷ்ணன் சொல்லியிருக்கிறான். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு மாதையன் வாய் திறக்கவில்லை. தன்னுடைய கணக்கேதானே அது, தன்னை ஏமாற்றுமா என்று நினைத்தானோ என்னவோ. கிருஷ்ணன் கையில் வேறு காகிதம் இல்லாததால் அந்த அட்டையின் ஓரத்திலேயே பென்சிலால் 48 என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்து, கிடங்கில் காட்டித் தோட்டா வாங்கிக்கொள் என்று மாதையனிடம் நீட்டினான்.

வெடி வைக்கும்போது ஜனங்கள் ஒதுங்குகிற இடம் ஒரு நாவல் மரம். மாதக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு கூழாங்கல்கூட அங்கே வந்து விழுந்ததில்லை. அன்றைக்கு ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பாறைத் துண்டு மரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அதற்கு முந்தி வந்த ஒன்று வெள்ளையம்மாள் தலையில் விழுந்தது. விசில் ஊதிய கை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கையைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டு மாதையன் பஸ் ரோடு வரைக்கும் ஓடினான் என்றார்கள். எதற்கு ஓடினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது, உயிர் அங்கேயே போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிட்டது. மாதையன் குடித்துவிட்டு மருந்தை அள்ளிப் போட்டுவிட்டான்! கிடங்குப் பதிவேட்டில் நாற்பத்தெட்டுத் தோட்டாவுக்கு அவன் கைநாட்டு இருந்தது. நான் சொன்னது இருபத்திநாலு, மறுநாளுக்கும் சேர்த்து என்று பொய் சொல்லி இவன்தான் இரட்டிப்பாக வாங்கியிருக்கிறான் என்று கிருஷ்ணன் எழுதிக் கொடுத்தான். கிடங்குக்காரன் காண்டிராக்டரின் ஆள், சீட்டு எதையும் பார்த்ததாக ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டான். தங்கையைப் புதைத்த கையோடு மாதையனைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் ராஜாக்கண்ணு மேலே போனான். கிருஷ்ணன் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான், முகம் இரண்டு நாளில் பாதியாகிவிட்டிருந்தது. அட்டையில் இருந்ததை ஒரு பொத்தான்கூட மாற்றாமல் அழுத்தியதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ராஜாக்கண்ணு அந்தப் புது மிஷினை வாங்கி, புதன்கிழமை ஆழங்களையே ஒவ்வொன்றாகக் கொடுத்தான். எழுபத்திரண்டு என்று வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தான். தொண்ணூற்றாறு. இன்னொரு தடவை அணைத்துப் போட்டான். நூற்றிருபது. இருபத்திநாலு இருபத்திநாலாக ஏறிக்கொண்டே போனது. ராஜாக்கண்ணு பக்கத்திலிருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இவ்வளவுதான். அவனுடைய பழைய மிஷின் அணைத்ததும் எல்லாவற்றையும் மறக்கிற மிஷின். காலையில் போடும்போது மெமரி காலியாகத்தான் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்கிற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை, அதனால் எழுதவும் இல்லை. மற்றவர்களிடம் இருந்ததும் அதே பஜார் சரக்குத்தான், யாருக்கும் தப்பு வரவில்லை. கிருஷ்ணனின் புது மிஷின் உயர்ந்த ரகம். அணைத்தாலும் மறக்காது. செவ்வாய்க்கிழமைத் தோட்டாக்களை அது பத்திரமாக வைத்திருந்து புதன்கிழமைத் தோட்டாக்களோடு கூட்டிக் கொடுத்துவிட்டது. முதலில் மெமரியைத் துடைக்கவும் என்று ஒரே ஒரு வரி. ஒரே ஒரு பொத்தான். நாற்பது பொத்தானை முத்து முத்தாக எழுதினவன் அதை எழுதவில்லை.

"நான் போட்டது நாப்பத்தெட்டுன்னு அந்த அட்டையில இருக்குது ராஜா. என் கையெழுத்தும் இருக்குது," என்றான் கிருஷ்ணன். "அது வெளிய வந்தா மாதையன் வெளிய வந்துடுவான். நாம ரெண்டு பேரும் உள்ள போவோம்."

அட்டை எங்கே என்று ராஜாக்கண்ணு கேட்டான். தெரியாது என்றான் கிருஷ்ணன். மாதையனிடம் கொடுத்ததோடு சரி. சோதனை போட்டவர்கள் கையில் அகப்படவில்லை. மண்ணில் விழுந்து மட்கிப் போயிருக்க வேண்டும் என்று அவன் கும்பிடாத சாமியில்லை. ராஜாக்கண்ணு அந்த மிஷினின் மெமரியைத் துடைத்து, கிருஷ்ணன் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான். துடைக்கும்போது தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாளே பதினோரு பேருக்கும் எழுதினான். மருந்து அட்டையில் சின்னத் திருத்தம் இருக்கிறது, பழையதை உடனே காசியிடம் கொடுத்தனுப்பவும், அதுவரை உபயோகிக்க வேண்டாம். பதினைந்து நாளில் பதினொன்றும் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் புது அட்டை எழுதினான். முதல் வரியைச் சிவப்பு மையில் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தான். எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் லேசானது. இனிமேல் வேறு எந்த முகாமிலும் யார் தலையிலும் கல் விழாது, அந்த மட்டுக்கும் நான் நல்லது செய்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். உண்மைதான், நல்லதுதான். அந்தக் கணக்கில் மாதையனைச் சேர்க்காமல் விட்டால் நல்லதேதான்.

பழைய அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டான். அவன் மனைவி முத்தம்மாள் அப்போது ஏழு மாதம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பார்த்தவள், தன் பெயர் எரிவதைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகையைப் போய் எவனாவது கொளுத்துவானா என்று சத்தம் போட்டாள். செல்லரித்துப் போச்சு என்றான். பதினொன்று போயிற்று. பன்னிரண்டாவது மட்டும் எங்கேயோ இருந்தது. நிரந்தரமாகாத வேலை, பிறக்கப்போகிற பிள்ளை, எல்லாமே அந்த ஓர் அட்டையைக் கட்டிக்கொண்டு தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் அது ஞாபகம் வரும். வாசலில் யாராவது செருப்பை விட்டால் திக்கென்றிருக்கும்.

ஒரு நாள் பகல் பஸ்ஸில் அது வந்தது. பஸ் அமிர்தியில் இருபது நிமிஷம் நிற்கும். காசி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, மாதையன் சம்சாரம் சாந்தம்மாள் சார், உங்களைப் பார்க்கணுமாம் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனான். அவள் செருப்பில்லாத காலோடு வெளியிலேயே நின்றாள். மடியிலிருந்து மாதையனின் சுருக்குப் பையை எடுத்தாள், அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஓர் அட்டை. மூலையில் மஞ்சள் இன்னும் போகவில்லை. வெற்றிலைக் கறையோடு வேறொரு கறையும் இருந்தது, அது என்ன என்று ராஜாக்கண்ணு உற்றுப் பார்க்கவில்லை.

அவள் சொன்னது இது. அன்றைக்கு இரத்தம் தோய்ந்த சட்டையோடு இந்தப் பையையும் கழற்றி மாதையன் கூரையில் செருகியிருக்கிறான். தங்கை போன துக்கத்தில் அது அவனுக்கே மறந்துவிட்டது. ஜெயிலில் போய்ப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்து சொன்னான். கிருஷ்ணன் சார் எத்தனை போடச் சொன்னார் என்று அதில் எழுதியிருக்கிறது, படித்தவர்கள் யாரிடமாவது காட்டு என்றான். அவள் காசியிடம் காட்டினாள். காசி முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது நம்ம ராஜாக்கண்ணு சார் கல்யாணப் பத்திரிகை, பின்னால் இருப்பது அவருடைய பொத்தான் எழுத்து, எனக்குப் புரியாது, அவரையே கேள், தங்கமான மனுஷன் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இந்தப் பொத்தான் எழுத்தெல்லாம் வாணாம் சார்," என்றாள் சாந்தம்மாள். "ஓரத்துல பென்சில்ல ஒண்ணு கீதே, அது எத்தினின்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு எண்ணுகூடத் தெரியாது. நாப்பத்தெட்டுதானுங்களே?"

ராஜாக்கண்ணு அட்டையைப் பிரித்தான். பென்சில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் குழந்தைகூடப் படித்துவிடும். நாற்பத்தெட்டு. தேதி, கையெழுத்து. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்திருந்தாள். உள்ளே முத்தம்மாள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அந்த ஆமாம் அவன் தொண்டை வரைக்கும் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அவன் வாயில் வந்தது இதுதான்.

"இருபத்திநாலுன்னு இருக்குதும்மா."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை நல்லாப் பாருங்கள் என்று கேட்டாள். அவன் இன்னொரு தடவை பார்த்தான், இன்னொரு தடவை சொன்னான். டீக்கடைப் பக்கமிருந்து காசி விசில் ஊதினான்.

"குலசாமி மேல ஆணையா சொன்னாருங்க என்கிட்ட," என்றாள். "அப்ப குடிச்சிட்டுத்தான் போட்டிருக்காரு. கூடப் பொறந்தவ மேலயே..."

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அட்டை ராஜாக்கண்ணுவின் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்பாளோ, எடுத்துக்கொண்டுபோய் வேறு யாரிடமாவது காட்டுவாளோ என்று அவன் அதை மறுபடி நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டான். அவள் கையை நீட்டவில்லை, குனிந்தாள். அவன் விலகுவதற்குள் அவன் காலைத் தொட்டுவிட்டாள்.

"சார், இத யாரு கண்ணுலயும் காட்டிடாதீங்க. காட்டினா அவருக்கு இன்னும் கெடுதி. நீங்களே எதனா பண்ணிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சரிம்மா என்றான் ராஜாக்கண்ணு. அவள் பஸ் ஏறிப் போனாள். அன்று மத்தியானமே அவன் அடுப்பு மூட்டித் தண்ணீர் சுடவைத்துக் குளித்தான். இந்த வெயிலில் எதற்கு வெந்நீர் என்று முத்தம்மாள் கேட்டாள்.

கோர்ட்டில் மாதையனுக்கு நாலு வருஷம் போட்டார்கள். தீர்ப்பு அன்று அவன் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஓர் அட்டை வரும், ஓர் அட்டை வரும் என்று வக்கீலிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம். சாந்தம்மாள் வரவில்லை. ஜெயிலுக்கும் அதற்கப்புறம் அவள் போகவில்லை. தங்கையைக் கொன்றுவிட்டு என்னிடம் பொய் சொன்ன முகத்தை இனிமேல் பார்க்கமாட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டாளாம்.

அடுத்த பங்குனியில் காசி பஸ்ஸிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக்கொண்டு வந்து ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் வைத்தான். கொட்டை எடுத்து உப்புப் போட்டு மிதித்த புதுப் புளி, பத்து கிலோ இருக்கும்.

"சாந்தம்மா குடுத்தனுப்பிச்சி சார்," என்றான் காசி. "நீங்க இன்னாமோ பெரிய உபகாரம் பண்ணீங்களாம். உங்கள மாதிரி மனுசங்க இருக்கவேதான் மழ பெய்யுதுன்னு சொல்லச் சொல்லிச்சி."

முத்தம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். நல்ல புளி என்றாள். அன்றைக்கு அதில்தான் குழம்பு வைத்தாள். ராஜாக்கண்ணு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்.